இன்னொரு மாத்திரை

அன்பு மகளே,

போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். இரத்த அழுத்த மாத்திரையை நான் ஒரு நாளும் விடவில்லை. உன் அப்பா ஏற்படுத்திய பழக்கம். "முதல்ல மாத்திரை, அப்புறந்தான் மாத்தே. வாயத் தெற, கிழவி" என்று நீட்டிவிட்டுத்தான், மாத்தே இலை போட்ட சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றுவார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் அப்படியே நடக்கிறது. காலையில் நான் எழுந்து வரும்போது குடுவை சூடாக இருக்கும், பக்கத்தில் மாத்திரை இருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்பதில்லை. பயந்தால் பழக்கம் விட்டுப்போகும். விழுங்குவேன், குடிப்பேன், நன்றி என்பேன். மாத்தே குடிக்கும்போது 'நன்றி' என்றால், 'போதும், இனி ஊற்றாதே' என்றுதானே நம் ஊரில் அர்த்தம்.

இன்று நன்றி சொன்ன பிறகும் குடுவை மறுபடி நிரம்பியது. இந்த முறை அது நீ வந்தால் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் இருந்தது. பக்கத்தில் இன்னொரு மாத்திரை.

தலைவலி என்று போன வாரம் சொன்னாய். "வேலை தலைக்கு மேல இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றாய். இதைப் படித்ததும் நேராக டாக்டரிடம் போ.

பொழுது சாய்ந்துவிட்டது. உன் குடுவை இன்னும் ஆறவில்லை.

உன் அம்மா