அறுபதுக்கு மேல் இரும்பு இல்லை

ஒக்டோபர் 8, செவ்வாய்

வயலுக்குப் போகவில்லை. ஒஸ்ரின் ஏ-நாற்பது காரின் என்ஜினைக் கழற்றி முடித்தேன். பிஸ்டன்களின் தலையில் 40 என்று பொறித்திருக்கிறது, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடுதல். முன்பு வைத்திருந்தவர் ஒருமுறை சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார். இனி ஒருமுறை, அறுபதுக்குக் கடையலாம். அதற்கு மேல் கடைய இரும்பு இல்லை.

மூன்று வருடமாகக் கார் மாட்டுக்கொட்டிலில் நிற்கிறது, பசு வெளியே நிற்கிறது. என் மனிசி பிரேமிளா இன்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தேய்வு அறுபதுக்குள் அடங்கினால் கார் நிற்கலாம். அடங்காவிட்டால் அவள் தம்பி கனகரத்தினம் கொண்டுபோவான். "அடங்கினாலும் நான் ஏறமாட்டன். ஏறினா என்ர பேரை மாத்திக் கூப்பிடுங்கோ" என்றாள்.

பார்ப்போம்.

ஒக்டோபர் 10, வியாழன்

முசலிக்குப் போய் ஜவாஹிரிடம் சிலிண்டர் அளக்கும் கேஜும் மைக்ரோமீற்றரும் இரவல் வாங்கிவந்தேன். உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர். பெண்ணைக் கட்டிக்கொடுப்பவர் மாதிரிக் கண்கலங்கித் தந்தார். "அண்ணே, கீழ போட்டுடாதீங்க. வெயில்ல வெச்சிடாதீங்க."

நான் என்ன குழந்தையா?

ஒக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

மண்வெட்டி, கத்தி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. இரவல் சாமானுக்கு வஞ்சகம் செய்யக் கூடாது என்று ஜவாஹிரின் கருவிகளுக்கு ஒரு பிடி கூடுதலாகவே பூசினேன்.

"காருக்கும் வடிவாப் பூசுங்கோ. வாற வருசம் இராது" என்றாள் பிரேமிளா. நல்ல நாளில் பேசுகிற பேச்சா இது?

ஒக்டோபர் 13, ஞாயிறு

அளந்தேன். முதலில் மைக்ரோமீற்றரைப் புதுச் சிலிண்டரின் அளவுக்குத் திருகி, அதன் வாய்க்குள் கேஜை வைத்து முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கேஜைச் சிலிண்டருக்குள் இறக்கினால், எவ்வளவு பெருத்துவிட்டது என்று முள் சொல்லும்.

முதலாவது எழுபது. இரண்டாவது எழுபத்திரண்டு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். எழுபத்திரண்டேதான். மூன்றும் நாலும் அதே கதை.

எல்லாம் அந்த மண்ணெண்ணெய். சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின கார். அது சிலிண்டரிலிருக்கிற ஒயிலைக் கழுவிவிட, இரும்பு தேயாமல் என்ன செய்யும்? முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. இதுக்கோ மூண்டு வருசம் முறிஞ்சனான்?

ஒக்டோபர் 14, திங்கள்

இறால் குழம்பு. சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 15, செவ்வாய்

கனகரத்தினம் வந்தான். வெறுங்கையோடு வந்தானா? அளவு நாடாவோடு! காரின் கூரையை நீளம், அகலம் பார்த்துவிட்டு, "அத்தான், இதுக்குக் கீழ இருவது கோழி தாராளமா நிக்கும்" என்கிறான். செத்த வீட்டில் வந்து கட்டிலை விலை கேட்கிற மாதிரி. பசுவும் கொட்டில் வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. அதுக்கும் என்னில் கோபம்.

நாளைக்கு உழவு இயந்திரத்தோடு வருவானாம்.

ஒக்டோபர் 16, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் கனகரத்தினம் வந்து காரின் முன்பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் பார்க்கமாட்டாமல் குசினிப் பக்கம் போனேன். அங்கே அடுப்படியில் பிரேமிளா ஜவாஹிரின் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தற்ற சாமானை இப்பிடியே திருப்பிக் குடுக்கிறது? பாருங்கோ, இதின்ர வாய்க்குள்ள காய்ஞ்ச சந்தனம். கட்டி மாதிரி. குண்டூசியாலதான் சுரண்டினனான்."

அவள் கையிலிருந்தது மைக்ரோமீற்றர்.

பூசையில் வைத்ததைத் துடைக்கக் கூடாதென்று நான்தான் அப்படியே எடுத்து அளந்தேன். சந்தனம் வாயை அடைத்திருக்க, நான் பூச்சியம் என்று வைத்தது பூச்சியமே இல்லை! சந்தனத்தின் தடிப்பையும் சேர்த்துச் சிலிண்டரின் தலையில் கட்டியிருக்கிறேன். அநியாயமாக மண்ணெண்ணெயைத் திட்டினேன்.

பறித்துக்கொண்டு ஓடினேன். "கனகு, கயித்தை விடடா!" திரும்ப முள்ளைப் பூச்சியத்துக்கு வைத்து அளந்தேன். ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்று. ஐம்பது.

"அத்தான், அப்ப கூரை?" என்றான் கனகரத்தினம்.

நான் வாய் திறக்க முதல் பிரேமிளா வந்து கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். "தம்பி, கோழிக்கு வேற கூடு பார். மூண்டு நாளாச் சோறு தின்னாத மனிசனை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

பழைய இறால் குழம்பு. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

ஒக்டோபர் 17, வியாழன்

கருவிகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஜவாஹிர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். "அண்ணே, இந்தக் கேஜுக்குப் பொட்டு வெச்ச மொத ஆள் நீங்கதான்."

பெப்ரவரி 26, புதன். சிவராத்திரி

அறுபதுக்குக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, இன்றுதான் காரை ரோட்டுக்கு எடுத்தேன். நாலு சில்லுக்குக் கீழேயும் ஒவ்வொரு தேசிக்காய். சந்தனம் முன்கண்ணாடியில் மட்டும்.

பசு கொட்டிலுக்குள் போய்ப் படுத்துவிட்டது. நான் திருக்கேதீஸ்வரத்துக்குத் தனியாகப் போகத்தான் வெளிக்கிட்டேன். மற்றப் பக்கக் கதவு திறந்தது. நல்ல சேலை, தலையில் பூ, மடியில் அர்ச்சனைத் தட்டு.

"இனி உம்மை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்று கேட்டேன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ" என்றாள்.