மாமாவின் புதுக் கோப்பை

14.11.1996, வியாழன்

பக்கவாதம் வந்த பிறகு மாமா அரை வயிறுதான் சாப்பிட்டார். சிகிச்சை கொடுக்க வீட்டுக்கு வரும் சுவிஸ்காரி கொடுத்த தடித்த பிடிக் கரண்டியை அவர் தொடவே மாட்டார். இன்னும் மெலிந்தால் முதியோர் இல்லமான ஹைமில் விட வேண்டிவரும் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

அவர் கையால் குழைத்துச் சாப்பிடுகிறவர், கரண்டியை விட்டுவிட்டுச் சோறு போடும் தட்டுக் கோப்பையை மாற்றுங்கள் என்று இன்று ஜெர்மனில் துணிந்து சொன்னேன். அவள் வெளியே போனாள். காரிலிருந்து, விளிம்பு உயர்ந்த, மேசையில் வழுக்காத கோப்பை ஒன்றை எடுத்துவந்தாள். என் சின்ன மகனுக்குப் பக்கத்தில் இருந்த மாமா சோற்றை விளிம்போடு அணைத்து, விறைத்த விரல்களாலேயே கவளம் பிடித்தார்.

"எட பிள்ளை, என்ர பேரன்ர கோப்பை மாதிரியெல்லோ கிடக்கு! அவனோ நானோ, ஆர் முதல் முடிக்கிறது எண்டு பாப்பம். குழம்பை விடு!"

இருவரும் போட்டி போட்டுச் சாப்பிட்டதில் சட்டியில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கும் இப்படியே... சரி, அரிசி கூடுதலாகப் போட வேண்டும்.