செவலையின் ஏப்பம்

22 ஜூலை 2003, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று இல்லை. செங்கல்பட்டு பஸ்ஸில் டப்பா மூட்டையோடு நின்றபடியே பயணம். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"மாட்டு மூச்சைப் பிடிக்கிற டப்பா."

என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு ஏப்பம் பிடிக்கும் வேலை. அதுவும் ஒப்பந்தத்தில்.

வேடந்தாங்கலுக்கு முந்தைய ஊர். இந்த வாரம் தேவகியின் செவலை. ஜெர்சிக் கலப்பு, ஏழு மாதச் சினை, பால் வற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் வீட்டில் இந்த ஒரு மாடுதான்.

தலைக்கயிற்றில் மூக்கருகே மெல்லிய குழாய். மறுமுனை கழுத்து டப்பாவில். செவலை விடும் மூச்சை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக டப்பா இழுத்துக்கொள்ளும். தினமும் போய் மாற்ற வேண்டும், ஞாயிறு வரை.

தெருவே கூடிவிட்டது. ஒரு பெண், "முன்னாடி கட்டிட்டியே டாக்டரம்மா, காத்து பின்னாடில்ல வரும்?" என்றாள். சிரிப்பு. இல்லை, வைக்கோல் மாட்டின் முதல் வயிற்றில் நொதித்து வாயு உண்டாகும், பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வரும், மேலே போய்ப் பூமிக்குக் கம்பளி போர்த்திய மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும் என்று விளக்கினேன். தேவகியின் கணவர் ஏழுமலை வேன் ஓட்டுகிறவர். "அப்போ இந்த வெயிலுக்கு எம் பொண்டாட்டி மாடுதான் காரணமா?" தேவகி வைக்கோல் பிரியால் ஒன்று வைத்தாள்.

கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னேன்: வழக்கமாகப் போடும் தீனி மட்டும். தின்றது மாறினால் டப்பா காட்டிக்கொடுத்துவிடும்.

23, புதன்

டப்பா மாற்றியாயிற்று. செவலை என் துப்பட்டாவில் பாதியை மென்றுவிட்டது. மஞ்சள் துப்பட்டா. போகட்டும்.

வாங்க: சோப்பு, அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம், செருப்புக்கு வார்.

மதியத்துக்கு அம்மா மாட்டுக்கறி வறுவல் கட்டியிருந்தாள். தேவகி வாசலில் மணை போட்டு, "சாப்ட்டு போ டாக்டரம்மா" என்றாள். பசியில்லை என்றேன். பத்தடியில் செவலை அசை போட்டுக்கொண்டு என்னையே பார்க்கிறது. எப்படித் திறப்பது? பஸ் நிறுத்தத்துப் புளிய மரத்தடியில் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

24, வியாழன்

விடியலிலேயே டப்பா மாற்றிவிட்டு மாமல்லபுரம். கடலோர ஓட்டலில், மாட்டு வாயுவைக் குறைக்கும் எங்கள் திட்டத்தின் கூட்டம். ஏ.சி. குளிர் தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மீன் வலை காய்கிறது, உள்ளே பருவநிலை மாற்றம்.

தலைவர் பேசினார். கறி தின்பவர்களால்தான் பூமிக்கு இந்தக் கதி என்றார். சொல்லும்போது என் பக்கம் ஒரு பார்வை. கையில் காப்பி, அது எத்தனாவதோ. கறி தொடாத வெளிநாட்டு அம்மாள் ஒருவர் தலையாட்டியபடி பனீரை மூன்றாம் முறை போட்டுக்கொண்டார். பனீர் மரத்திலா காய்க்கிறது? கேட்கவில்லை. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. பால் குறைந்த மாடுகளை அகற்றினால் லிட்டருக்கு இத்தனை வாயு என்ற கணக்கு இறங்கும் என்று திரையில் காட்டினார். அகற்றி எங்கே அனுப்புவது என்று யாரோ கேட்டார்கள். "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் தலைவர்.

எனக்குத் தெரியும் எங்கே என்று. லாரி, பிறகு சந்தை, பிறகு எங்கள் வீட்டு அடுப்பு. அவர் காப்பி குடிக்காவிட்டால் செவலை பிறந்தே இருக்காது. நான் கறி தின்னாவிட்டால் வற்றிப்போன செவலைக்குப் போக்கிடம் இல்லை. ஒரே மாட்டின் தலைமாட்டில் அவர், கால்மாட்டில் நான். இதில் யார் யாரை முறைப்பது?

25, வெள்ளி

தலைவலி. நேற்றைய ஏ.சி.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. தேவகி சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"டப்பா சொல்றத வெச்சு மாட்ட எட்த்துக்கினு பூடுவாங்களாமே, மெய்யா?"

"யார் சொன்னது?"

"எதிர் வூட்டுல. மாடு பட்டினி கெடந்தா டப்பா சொல்லிடுமாம். வளக்கத் துப்பில்லன்னு எய்திட்டுப் புடிச்சிகினு பூடுவாங்களாம்."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். சிரிக்கவும் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. தரகன் ஏற்கெனவே ஒருமுறை வந்து செவலையைப் பல் பிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். ஏழுமலைக்கு விற்க மனம். இவள், "கன்னு போடட்டும், அப்பால பேசு" என்று வாயை அடைத்திருக்கிறாள்.

பஸ்ஸில் வரும்போது நேற்றைய திரை நினைவு வந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று எந்தத் தைரியத்தில் சொன்னேன்? உறுத்துகிறது.

26, சனி

மாலையில் இடி, நல்ல மழை. செருப்பு வார் மறுபடி அறுந்தது. ஊரில் அம்மன் கோயிலுக்கு வேப்பிலைத் தோரணம், மைக் செட். நாளை ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றுகிறார்கள்.

செவலை நலம். நாளை கடைசி டப்பா. அம்மாவுக்கு வருத்தம், இந்த வாரமும் சர்ச் பூசைக்கு வரமாட்டேன் என்று.

27, ஞாயிறு

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

ஆடிக் கூட்டத்தில் இரண்டு பஸ் நிற்காமலே போயின. ஊர் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. மைக்கில் அம்மன் பாட்டு காதைக் கிழித்தது. தெருமுனையிலேயே ஏழுமலை ஓடி வந்தார். "டாக்டரம்மா, மாடு ஊதிக்கிச்சு!"

செவலையின் இடது பக்கம் முதுகெலும்புக்கு மேல் எழும்பி நின்றது. தட்டினால் மேளம். நாக்கு வெளியே, மூச்சு இழுப்பு. கழுநீர்த் தொட்டியின் அடியில் மிச்சக் கேழ்வரகுக் கூழ்.

"யார் ஊத்துனது?"

தேவகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். "தெருவே கொணாந்து ஊத்திச்சு. ஆளுக்கு ஒரு குண்டான். இன்னிக்குக் கடைசி டப்பான்னு சொன்னியா... வயிறு ரொம்பிக் கீதுன்னு அது சொல்லட்டும், மாட்ட உட்ருவாங்கன்னு... நானும் வேணாங்கல."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. மாட்டைக் காப்பாற்றத்தான் ஊற்ற விட்டிருக்கிறாள்.

தலைக்கயிற்றோடு குழாயையும் டப்பாவையும் பிடுங்கி எறிந்தேன். டப்பா உருண்டு சாக்கடையில். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி எருக்குழி மேட்டில் ஏற்றினோம். வாயில் குறுக்கே வேப்பங்குச்சி வைத்துக் கட்டினேன், மென்றுகொண்டே இருக்கட்டும் என்று. ஏழுமலை கொம்பைப் பிடிக்க, வாய் வழியே ரப்பர் குழாய் விட்டேன். ஒன்றும் வரவில்லை. கூழ் போய் அடைத்துக்கொண்டது. உருவினேன், கழுவினேன், திரும்ப விட்டேன். நுரை மட்டும். நுரை உடைய எண்ணெயும் சோடா உப்பும் கலந்து குழாய் வழியே இறக்கினேன்.

பையில் வயிற்றில் குத்தும் ஊசிக்குழல் இருந்தது. கடைசி வழி. குத்தினால் வாயு இறங்கும். ஆனால் அந்தத் தொழுவத்தில், ஏழு மாதச் சினையில், சீழ் பிடித்தால் தாயும் போகும் கன்றும் போகும். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

தேவகி வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "கண்ணு, கண்ணு" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை அவளிடம். செவலையின் பின்னங்கால் மடங்கப் பார்த்தது. பயந்துவிட்டேன். நிஜமாகவே பயந்தேன். மாட்டின் காதைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, ஒரே ஒரு ஏப்பம் விடும்மா" என்று கெஞ்சினேன். இதைக் குறைக்க வழி தேடத்தான் எனக்குச் சம்பளம்.

தொண்டையில் ஏதோ உருண்டது. பிறகு வந்தது. நேராக என் முகத்தில். புளித்த கூழ் நாற்றம், கண்ணெல்லாம் கரித்தது. வயிறு கொஞ்சம் இறங்கியது.

கொம்பை விடாமலே ஏழுமலை, "யம்மாடி, வானமே சூடாவப் போவுது" என்றார். தேவகி அழுதுகொண்டே சிரித்தாள்.

சூடாகட்டும். ஊசிக்குழலைப் பைக்குள் போட்டேன். "இன்னொண்ணு விடு கண்ணு" என்றேன்.

விட்டது.