டிக் எடுக்காத முப்பத்தெட்டு வண்டிகள்

என் செல்ல மகளுக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே சித்தி வாய் ஓயாமல், உன் அப்பா வாய் திறக்காமல், நான் வழக்கம்போல, எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணனை ரெண்டு வரி எழுதச் சொன்னேன், நீயே எல்லாத்தையும் எழுதிடுவே, அதுல எனக்கு எங்கே இடம் என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், அப்புறம் எனக்குக் கதை ஓடாது, இது கொஞ்சம் சிரமப்பட்டுச் சொல்லவேண்டிய விஷயம்.

நீ லீவில் வந்து நம் பழைய வண்டிக் கிடங்குக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதன் புகழ் ஏழு ஊருக்குப் பரவிவிட்டது, ஏழு என்பது நான் எண்ணியது, எண்ணாதது எத்தனையோ. முப்பத்தெட்டு வண்டியையும் ஒரே நாளில் உள்ளே ஏற்றினேன். நான் படித்தது எட்டாவது, அதிலும் பாதி, ஆனால் இது ஒரு என்ஜினியர் ஒரு மாசம் செய்கிற வேலை என்று நம் கிடங்கு வெல்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லச் சொன்னதே நீங்கதான் என்கிறாள் சித்தி, அதை விடு. வண்டியின் பேரையும் வருஷத்தையும் தட்டினால் அதில் இருக்கவேண்டிய எண்பத்தாறு பாகமும் வரிசையாக வந்து விழும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிக் இருக்கும், வண்டிகிட்டப் போய் நின்னு பாத்து, இல்லாததுக்கும் உடைஞ்சதுக்கும் டிக்கை எடுத்துடுங்க சித்தப்பா என்று நீ என் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாய். நான் போய் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே ஏற்றினேன், ஒரு டிக்கைக்கூட எடுக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைக்காதே. லாரி மோதி நசுங்கிப்போன நீல வண்டி, திரையில் எண்பத்தாறு டிக்கோடு கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது, அதைப் பார்த்தபோது எனக்கு எடுக்க மனசு வரவில்லை. நிலைமை என்ற கட்டத்தில் முதல் தரம், நடுத்தரம், கழிவு என்று மூன்று வைத்திருந்தாய், எல்லாவற்றுக்கும் முதல் தரம் போட்டேன். நம் வண்டியை நாமே குறைத்துச் சொல்வதா?

வினை அங்கேதான் வந்தது. பக்கத்து ஊரில் நாலு கிடங்கு வைத்திருக்கிற அம்மா, நீ இங்கே இருந்தபோது வந்து, முதல்ல இங்க ஓடுறதைப் பாக்குறேன், சரியா இருந்தா என் நாலு கிடங்குக்கும் போட்டுக் குடு என்றாரே, அவர்தான். வெளியாள் ஒருவர் உன் சாஃப்ட்வேரைக் கேட்டது அதுதான் முதல் தடவை, அன்றைக்கு நீ செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். நம் சரக்குப் பட்டியலை அவரும் அங்கிருந்தே பார்க்கும்படி நீ திறந்து வைத்திருந்தாய் அல்லவா, அதைப் பார்த்து ஏழு பாகம் எழுதின சீட்டோடு புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இப்படி ஒரு சாஃப்ட்வேர் உலகத்தில் மூன்றே இடத்தில்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் உட்காரவில்லை, வாங்க, நடந்து பாப்போம் என்றார். சீட்டில் நீல வண்டியின் ரேடியேட்டர் என்று இருந்தது, பானெட்டைத் தூக்கினால் அந்த இடத்தில் பூனை குட்டி போட்டிருந்தது. வெள்ளை வேனில் கியர்பாக்ஸ் இருந்த ஓட்டை வழியாகப் புல் இடுப்பளவுக்கு, சரி, கணுக்கால் அளவுக்கு வளர்ந்திருந்தது. சிவப்பு வண்டிக்கு நாலு கதவு என்றது சீட்டு, இருந்தது ஒன்று, அதுவும் கயிற்றில். ஏழில் தேறியது ரெண்டு. அந்த அம்மா கோபப்படவில்லை, அதுதான் என்னைக் கொன்றது. சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா அது எழுதினது பொய் சொல்லுதுங்களே, இதை நம்பி நான் எப்படி ஆளை அனுப்புவேன் என்று காரைப் பார்த்து நடந்தார்.

கண்ணு, அந்த நொடியில் என் வாயில் நாலு பதில் தயாராக இருந்தது. வைரஸ் வந்துவிட்டது, கரண்ட் போய்ப் போய் வந்தது, நேற்றுத்தான் திருடன் வந்தான், வெல்டர் சொல்லாமல் கழற்றிவிட்டான். நாலும் நல்ல பதில், ஒவ்வொன்றையும் அரைமணி நேரம் சொல்லலாம். ஆனால் எதைச் சொன்னாலும் அவர் காரில் ஏறிப் போய்விடுவார், உன் பேர் கெட்டது கெட்டதாகவே இருக்கும். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மா, அது பொய் சொல்லலை, பொய் சொன்னது நான், பாத்து எடுன்னு பொண்ணு சொல்லிச்சு, நான் பாக்கவே இல்லை என்றேன். அவ்வளவுதான். என் ஐம்பத்தொன்பது வயசில் ஒரு விஷயத்தை அதன் அளவுக்கே சொன்னது அன்றைக்குத்தான். சித்தி வந்து ஜுரமா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த அம்மா கார்க் கதவைச் சாத்திவிட்டு, சரி, இப்ப எடுங்க, நான் பாக்குறேன் என்றார். சித்தி உள்ளே கம்ப்யூட்டரில், நான் வெளியே வண்டி வண்டியாக. டைனமோ இல்லை என்று நான் கத்த, எடுத்தாச்சு என்று அவள் கத்த. முதலில் ஒவ்வொன்றும் என் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது, பத்து வண்டிக்கு மேல் பழகிவிட்டது. சித்திக்குத்தான் கொண்டாட்டம், முப்பது வருஷமா இவர் பேச்சுல எடுக்க முடியாததை இப்ப ஒரு விரலால எடுக்குறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். மூவாயிரத்துச் சொச்சம் டிக்கில் ஆயிரத்துச் சொச்சம் நின்றது. அந்த அம்மா புதுசாக ஏழு எழுதிக்கொண்டு மறுபடி நடந்தார், ஏழும் இருந்தது. உண்மையைப் போட்டா உண்மையைச் சொல்லுது என்றார். மாசக் கடைசியில் உனக்குப் போன் பண்ணுவார், நாலு கிடங்குக்கும். எடுத்துப் பேசு, என்னை மாதிரி பேசாதே. அந்த அம்மாவும் நானும் கேட்பது ஒரே ஒரு மாற்றம்தான், எண்பத்தாறு பாகமும் டிக் இல்லாமலே வந்து விழட்டும், போய்ப் பார்த்தவன் பார்த்ததற்கு மட்டும் போடட்டும். என் மாதிரி ஆட்களுக்கு இல்லாததை எடுக்கத்தான் கை வராது, இருப்பதைப் போடச் சொன்னால் சந்தோஷமாகப் போடுவோம்.

கை பழகினதோடு பழகினதாக, போன கடிதத்தில் எழுதினதிலும் சிலதை எடுத்துவிடுகிறேன். முழங்கால் முழுக்கச் சரியாகிவிட்டது என்று எழுதினேன், நடுத்தரம் என்று வைத்துக்கொள். உன் ரூமுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று என்றேன், பெயின்ட் டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். நீ கிளம்பினது யாருக்கும் உறைக்கவே இல்லை, எல்லாரும் வேலையில் மும்முரம் என்று எழுதியிருந்தேனே, அதிலும் டிக்கை எடுத்துவிடு.

கை வைத்த வேலையெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், மனசு நிறைய நன்றாக இரு. அந்த டிக் விஷயத்தை மட்டும் மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தப்பா

சித்தி படித்துப் பார்த்துவிட்டு, வாய்க்கு மட்டும் முதல் தரம்னு போடுங்க என்கிறாள். போட்டாயிற்று.