டிஸ்கம்பாபுலேட்டட் என்கிற வியாதி

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடியும் சுகம். அம்மா ஊற்றியது தெரியாமல் நானும் தண்ணீர் ஊற்றி, அதற்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வேலை பரவாயில்லை, அறை பரவாயில்லை, சாப்பாடு பரவாயில்லை என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் கொஞ்சம் டிஸ்கம்பாபுலேட்டடாக இருக்கிறேன், மற்றபடி ஒன்றுமில்லை என்று முடித்திருந்தாய். அப்படின்னா என்னங்க என்றாள் அம்மா. முப்பது வருஷமாகக் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன், தெரியாது என்று சொல்ல முடியுமா? சாதாரண உபாதைதான் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அது வியாதிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் எழுதுகிற சீட்டுகளில் வியாதிகளின் பெயரெல்லாம் அந்த நீளம்தானே. மறுநாள் முதல் வேலையாக மருந்துக் கவுண்டருக்குப் போய், பெயரைத் தாளில் எழுதிக் காட்டி, இதுக்கு என்ன குடுப்பீங்க என்று கேட்டேன். கவுண்டர்க்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மாத்திரையை நிறுத்திட்டாங்க, இப்போ சொட்டு மருந்துதான், வியாழக்கிழமை ஸ்டாக் வந்துடும் என்றார். கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவர், அது நாப்பது வயசுக்கு மேலதானே வரும், உங்க பொண்ணுக்கு எப்படி வந்துச்சு என்று என்னையே திருப்பிக் கேட்டார். நர்ஸம்மா மட்டும், அது தொத்தாது, பயப்படாதீங்க என்று தைரியம் சொன்னார்.

கடைசியில் டாக்டரம்மாவிடமே போய்த் தாளை நீட்டினேன். யாருக்கு என்றார். பொண்ணுக்கு, மூணு மாசமா வெளிநாட்டுல தனியா இருக்கா என்றேன். தாளைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், கருவியில் தாடையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்த நோயாளியே திரும்பிப் பார்த்தார்.

அது வியாதியே இல்லையாம். குழம்பிப்போய்த் தலைகால் புரியாமல் நிற்பதாம். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில், லத்தீன் மாதிரி படாடோபமாக ஒலிக்கும் சொற்களைக் கேலிக்காகக் கட்டிவிடுவது ஒரு பொழுதுபோக்காக இருந்ததாம். அப்படிப் பிறந்ததாம் இது. முதலில் சொன்னது யார் என்று தெரியாதாம். ஊர் பேர் தெரியாத ஒருத்தன் விளையாட்டாகச் சொன்னது, இன்று அகராதியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கவுண்டர்க்காரரிடம் போய்ச் சொன்னேன். அப்போ சொட்டு மருந்து வேண்டாம்னு சொல்லிடறேன் என்றார், முகம் மாறாமல்.

இப்போது ஆஸ்பத்திரி முழுக்க அந்தச் சொல்தான். கண்ணில் மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை உட்கார வைக்கிற நீள பெஞ்சு உனக்கு நினைவிருக்கும். வெளிச்சம் கூசி, எழுத்து மங்கி, அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்த பெஞ்சுக்கு நர்ஸம்மா இந்தப் பெயரையே வைத்துவிட்டார். நேற்று ஒருவர் அதிலிருந்து எழுந்து போய், எங்கள் தண்ணீர் பில்டரிடம் டாக்டர் எப்ப வருவாங்க என்று விசாரித்தார்.

சிரித்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடிதம் முழுக்கத் தமிழில் எழுதியவள், இந்த ஒன்றை மட்டும் ஏன் எனக்குப் புரியாத சொல்லில் சுருட்டி வைத்தாய்? இங்க ஒண்ணும் புரியலைப்பா, பயமா இருக்கு என்று எழுதினால் நான் திட்டுவேன் என்றுதானே? ஏர்போர்ட் வாசலில், முடியலைன்னு திரும்பி வந்து என் முன்னால நிக்காதே என்று சொன்னவன் நான்தான். அழுகை வருவது உனக்குத் தெரியக் கூடாதென்று வீராப்பாகப் பேசினேன். அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்த பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. மருந்து விட்டவரைத் தனியாக வெளியே அனுப்பக் கூடாது. துணைக்கு ஆள் வந்திருக்காங்களா என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்கிறேன். இல்லை என்றால், எவ்வளவு பெரிய மனிதரானாலும் நாளைக்கு ஆளோடு வாங்க என்று திருப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன், பெற்ற பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பும்போது அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

பெஞ்சில் இருப்பவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். முதலில் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், தானாகத் தெளியும். தெளிந்தால் அங்கேயே இரு. தெளியாவிட்டால் வந்துவிடு. யார் முன்னாலும் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வந்து உட்கார்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிட்டேன். படத்துல நீங்களே டிஸ்கம்பாபுலேட்டடாத்தான் இருக்கீங்க என்கிறாள் அம்மா. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நீண்ட லீவும் கேட்டிருக்கிறேன். போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்பாய். அதனால் கேட்கவில்லை. வாப்பா என்று ஒரு வரி எழுது, போதும். அதைத் தமிழிலேயே எழுது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
துணைக்கு ஆள்,
அப்பா