ஒன்பதாம் அதிகாரம் காணவில்லை

திங்கள், நவம்பர் 10

விடியும்போதே மழை. கம்பெனி பஸ் வல்லம் வடகால் திருப்பத்தில் இருபது நிமிடம் நின்றது. யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போனேன். நாள் முழுக்க முதுகில் நசநச.

செய்ய வேண்டியவை: சோப்பு. செருப்புக்குத் தையல். ஒன்பதாம் அதிகாரத்தைக் கண்டுபிடிப்பது.

மூன்றாவதுதான் உதைக்கிறது. 'அரக்கனின் ஆயுள் சான்றிதழ்' புத்தகத்திலிருந்து அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் போன வியாழன் கிழித்துச் சட்டைப் பையில் வைத்து கார் சீட் ஃப்ரேம் பூட்டும் லைனுக்குக் கொண்டுபோனேன். போனை வாசலிலேயே லாக்கரில் வைக்கச் சொல்லிவிடுகிறார்கள். பேப்பரை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. எங்கே விழுந்ததோ தெரியவில்லை. இசக்கி எட்டாம் அதிகாரம் வரை வந்துவிட்டான். நாளை ஒன்பதைத் தேடுவான். என்ன சொல்ல?

இசக்கிக்கு சங்கரன்கோவில் பக்கம். எனக்குக் கோவில்பட்டி. லைனில் ஒரே இடம், கம்பெனி கொடுத்த ரூமில் ஒரே கட்டில். எனக்குப் பகல் ஷிப்ட், அவனுக்கு இரவு. ஏழுக்கு ஏழு. நான் எழுந்த சூடு ஆறுமுன் அவன் வந்து படுப்பான். முகம் பார்ப்பது ஷிப்ட் மாறும் பத்து நிமிடம். ஞாயிறன்று இருவரும் ரூமில் இருந்தால் ஒருவன் தரையில்.

தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு புத்தகம். பகலில் அவன், இரவில் நான். சிரிப்பு வந்த இடத்தில் அவன் பென்சிலால் டிக் போடுவான். நான் லைனில் போல்ட்டுக்குப் போடும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு. பார், இங்கே சிரித்திருக்கிறான் என்று மற்றவனுக்குத் தெரியும். பல வாரம் எங்களுக்குள் அதுதான் பேச்சே.

செவ்வாய், 11

தூறல். சோப்பு வாங்கியாயிற்று.

காலையில் இசக்கியிடம் நானே கேட்டேன்: "எல, கிளி வந்துட்டா?" "வரும் வரும்" என்றான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கிளி வரும் ஒன்பதுக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. அப்பாடா.

பதினொரு மணிக்கு கம்ப்ளைன்ட். கார் கம்பெனியிலிருந்து. நான்கு சீட் ஃப்ரேமில் போல்ட் ஆடுகிறதாம். மேலே மஞ்சள் கோடு மட்டும் ஜோராக இருக்கிறதாம். போன வியாழன் மாலை ட்ரே. முடித்ததாகக் கையெழுத்து: இசக்கிமுத்து.

யாருக்கும் இல்லை, எனக்காக எழுதி வைக்கிறேன். போல்ட்டைக் காற்றில் ஓடும் கன்னால் இறுக்கிவிட்டு அதன் பிறகு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். நாங்கள் ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. ட்ரேயில் உள்ள பன்னிரண்டு ஃப்ரேமுக்கும் முதலில் கோட்டை இழுத்துவிடுவோம். பிறகு வரிசையாக இறுக்கிக்கொண்டே போவோம். கை மாற்ற வேண்டாம், வேகம்.

வியாழன் மாலை பன்னிரண்டுக்கும் கோடு போட்டேன். எட்டை இறுக்கினேன். கன்னுக்கு வரும் காற்று நின்றுபோய் ஐந்து நிமிடம் சும்மா. ஒன்பதாம் அதிகாரத்தை ட்ரேக்குப் பின்னால் விரித்தேன். ஓய்வு பெற்ற அரக்கன் பென்ஷன் ஆபீசில் நிற்கிறான். உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளியிடம் இருக்கிறது. "அப்ப கிளியக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு போட்டோவும்" என்கிறார் குமாஸ்தா. கிளி வருகிறது. வந்து, "என்கிட்ட நாலு அரக்கர் உயிர் இருக்குதுங்க, இவரோடது எதுன்னு எனக்கே மறந்துபோச்சு" என்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அங்கே ஒரு மஞ்சள் கோடு. மணி அடித்தது. இசக்கி வந்து நின்றான். ட்ரேயை அவன் பக்கம் தள்ளிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எல்லாவற்றிலும் கோடு இருந்தது. அவன் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நான்தான். சாப்பிடவில்லை.

புதன், 12

வெயில். விசாரணை. தூங்கிக்கொண்டிருந்த இசக்கியை நாலு மணிக்கு எழுப்பி வரவழைத்தார்கள். தலைகூட வாரவில்லை. சூப்பர்வைசர் பாலாஜி, ஆபீசிலிருந்து ஒரு மேடம், நாங்கள் இருவர்.

பாலாஜி: "ட்ரே உன்னாண்ட வரும்போது எத்தினி முடிஞ்சிருந்துச்சு?"

இசக்கி: "ஞாபகம் இல்ல சார்."

"இன்னாப்பா ஞாபகம் இல்லன்ற? வேலை போற விஷயம் இது." என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு ஜெபா."

எட்டு முடித்து எட்டுக்கு மட்டும்தான் கோடு போட்டேன், நாலு பாக்கி என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்றேன். குரல் நடுங்கவே இல்லை. அதுதான் இப்போது அதிகம் பயமாக இருக்கிறது.

இசக்கி ஒருதரம் என்னைப் பார்த்தான். பிறகு மேடத்திடம், "நான் கன் வச்சுப் பாத்திருக்கணும் மேடம். பாக்கல" என்றான்.

மூன்று வருடமாக கான்ட்ராக்ட். அடுத்த மாதம் அவனைக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுப்பதாக இருந்தது. அதை நம்பி குன்றத்தூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறான். ஆவணியில் கல்யாணம் ஆனவன். மனைவி இன்னும் ஊரில். மாடியில் நின்றால் மலைக்கோயில் தெரியும் என்று போன ஞாயிறு தரையில் படுத்துக்கொண்டு நாலுதரம் சொன்னான். போதும்ல, தூங்கு என்று நான்தான் அதட்டினேன்.

நாளைக் காலை பாலாஜியிடம் சொல்லிவிட வேண்டும்.

வியாழன், 13

சொல்லவில்லை. பாலாஜி பிஸி.

பொய். பாலாஜி டீ குடித்துக்கொண்டு சும்மாதான் நின்றார்.

மனசை எதிலாவது திருப்ப ஒரு பட்டியல். பக்கத்து ரூம்காரர் சிரிக்கிற மாதிரி மாயக்கதைப் புத்தகங்களின் பெயரை எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார். எல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பழைய புத்தகக் கடையில் எடுத்தவை.

மகுடம் சைஸ் பத்தவில்லை. ராஜா கதைகளைக் கிண்டல் செய்வது. தலைநகரில் அத்தனை பேரும் மாறுவேட ஒற்றர்கள். ஒற்றன் அல்லாதவன் ஒரே ஒரு பால்காரன். எல்லோரும் அவனைத்தான் சந்தேகிக்கிறார்கள். கட்டாயம் படிக்கலாம். இசக்கி டிக் போட்டே பென்சில் தேய்ந்தது.

பறக்கும் கம்பளம் சர்வீஸ் சென்டர். முதல் பாதி பிரமாதம். பிறகு ஆசிரியருக்கே அலுத்துவிட்டது.

ஓமகுண்டத்தில் சிக்னல் இல்லை. வேண்டாம். வரிக்கு வரி சிரி சிரி என்று விலாவில் இடிக்கிறது.

அரக்கனின் ஆயுள் சான்றிதழ். எல்லாவற்றிலும் மேல். வேடிக்கைக்கு அடியில் பாவம், கிழட்டு அரக்கனின் பயம் இருக்கிறது. நம்மை ஒருவரும் நம்பமாட்டார்களோ என்ற பயம். ஒன்பதாம் அதிகாரம்

இதற்கு மேல் ஓடவில்லை.

வெள்ளி, 14

மழை. லெட்டர் வந்துவிட்டது. இசக்கிக்கு இன்றோடு சரி. கேட் கார்டு நிறுத்தம்.

கேன்டீனில் எனக்குப் பின்னால் யாரோ: "பாவம்பா, நல்லா வேலை செய்ற ஆளு." இன்னொரு குரல்: "கவனம் வாணாவா? சீட்டு ஆடிச்சுன்னா எவன் உசுரு போவும்?" தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மாலையில் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கார்டைத் திருப்பிக் கொடுக்க வந்தானாம். தலையில் பிளாஸ்டிக் கவர்.

"குன்றத்தூர் வீட்டு ஓனரம்மாகிட்ட வரலன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"ஊருக்கு எப்பல போற?"

"நாளைக்கு. நீ டூட்டில இருப்ப." கவரைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டான். "வேற ஒண்ணும் இல்லல்லா?"

"இல்ல" என்றேன். சரி என்று ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். அதுகூடப் பிய்ந்துதான் கிடக்கிறது.

சனி, 15

ரூமுக்கு வந்தேன். கட்டில் முழுசும் எனக்கு. போர்வை மடித்து வைத்திருக்கிறது. தலையணை மேல் அரக்கன்.

திறந்தேன். ஒன்பதாம் அதிகாரம் அதன் இடத்தில் இருக்கிறது.

லைனில் அட்டைப்பெட்டி ஒட்டும் காக்கி டேப்பால் ஓரம் பிசகாமல் ஒட்டியிருக்கிறான். தாளில் பூட்ஸ் தடம், எண்ணெய்க் கறை. ட்ரே ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்திருக்க வேண்டும். அந்த ட்ரே வியாழன் மாலையே எடுத்திருப்பான். அன்று விசாரணையில் இதை மேசைமேல் போட்டிருந்தால் போதும். என் மார்க்கர், என் கோடு, லைனில் கதை படித்ததற்கு அத்தாட்சி. நான் பொய் சொல்லும்போது இது அவனிடம் இருந்திருக்கிறது.

கிளி பேசும் இடத்தில் என் மஞ்சள் கோடு. பக்கத்திலேயே பென்சிலில் ஒரு டிக்.

அழுதேன். பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்டினார். சளி என்றேன்.

பிறகுதான் கவனித்தேன், புத்தகத்தின் கடைசி அதிகாரம் இல்லை. கிழித்திருக்கிறது. ஓரம் நேராக, நிதானமாக.

ஞாயிறு, 16

காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு அடித்தேன். உடனே எடுத்தான். பின்னால் கோழிச் சத்தம், யாரோ ஒரு பெண் யாரு யாரு என்று கேட்பது.

"எல, நான்தான் அது. அந்த நாலும்" என்றேன்.

"தெரியும்."

"பொறவு ஏம்ல சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். புதன்கிழமை பாத்தேன். வெள்ளிக்கிழம கேட் வரைக்கும் வந்து பாத்தேன்." கோபமே இல்லை. களைப்பாக இருந்தது குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அரக்கனுக்கு சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கடைசி அதிகாரம் எங்கிட்டதான் இருக்கு. மொதல்ல ஆபீஸ்ல சொல்லு. தபால்ல அனுப்புதேன்."

திங்கள், 17

மழை விட்டுவிட்டது. லைன் ஓடுமுன் பாலாஜியிடம் சொன்னேன். கோடு, கன், கதை, பொய், எல்லாம்.

சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்ப வந்து இன்னாத்துக்குச் சொல்ற? லெட்டர் போயாச்சு. அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. மேல சொன்னா உன்னையும் அனுப்புவாங்க, அவன் திரும்பி வரப்போறது இல்ல. போ, போய் கன்னப் புடி."

போய்ப் பிடித்தேன். ஒன்பது மணி வரை. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கி, பிறகு கோடு. ட்ரே தேங்கியது. அடுத்த ஆள் கத்தினான்.

ஒன்பதுக்கு லைனைவிட்டு இறங்கி ஆபீஸுக்குப் போனேன். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த மேடத்திடம் கொடுத்தேன். படித்தார். உட்காரச் சொல்லவில்லை. "நாளைக்கு உன் கார்டு வேலை செஞ்சா உள்ள வா" என்றார்.

ரூமுக்கு வந்து இசக்கிக்கு மெசேஜ் போட்டேன்: சொல்லிட்டேன்.

இப்போது பதில் வந்திருக்கிறது. எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று கேட்கிறான்.

கார்டு போனால் இந்த ரூமும் போகும். என்ன விலாசம் கொடுப்பது.