எண்ணெய் வைக்காத தலை

மாசி 6, திங்கள்

வறண்ட காற்று. துணி அரை மணியில் காய்ந்துவிட்டது. இந்த வாரமும் படப்பைக்கு டைப் வகுப்பு போகவில்லை.

அக்கா மஞ்சள் காமாலையில் போனதிலிருந்து வீட்டில் யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. எல்லாம் பரட்டை. அக்காவும் மாமாவும் இருந்தது மறைமலை நகரில், வாடகை அறையில். சாவுச் சடங்கெல்லாம் இங்கே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் எல்லாம் எங்கள் வீட்டில்தான். நல்ல மனுஷன்!

அக்கா மகள் வாணிக்குச் சிக்கு எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சீப்பைக் கீழே வைக்கப் போனேன். கிழித்துப் போட்ட காலண்டர் தாள் துணுக்கு எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒவ்வொரு தலையாகத் தேய்த்துப் பார்த்தும் நடக்காத வித்தை. எண்ணெய் வழிகிற தலைகள், எப்படி நடக்கும்?

"யாரு சித்தி தூக்கறது?"

"கரண்டு."

"நம்ப வூட்லதான் கரண்டே இல்லியே!"

உன் தலையில் இருக்கிறது என்றேன். சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன், உடனே அழுகை வந்துவிட்டது.

மாசி 8, புதன்

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் வித்தை காட்டுகிறாள். மாமா தலையிலும் சீப்பைத் தேய்த்துப் பார்த்தாள். தாள் பறந்தது. மாமா நிமிரவே இல்லை, பாவம்.

அம்மா: "சாவு வூட்ல இன்னாடி சிரிப்பு?" திட்டு எனக்கு. குழந்தையைச் சொல்ல மனசு வராது.

வாங்க: ஊதுவத்தி, சூடம், சீயக்காய்.

மாசி 12, ஞாயிறு

பெரியப்பா வந்திருந்தார். பேச்சு சமையல்கட்டு வரை கேட்டது. "கொயந்தைக்கு வெளிய இருந்து ஒருத்தி எதுக்கு? இவ கீறாளே." யாரும் மறுக்கவில்லை. மாமாவும்.

என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்னவாம்? மாமா நல்லவர்தான். ஆனால் அக்கா புருஷன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. வாணி வேண்டும், மாமா வேண்டாம். இதை யாரிடம் சொல்வது?

மாசி 15, புதன்

நேற்று கருமாதி. தீட்டுக் கழிய இன்று எல்லார் தலைக்கும் எண்ணெய். வாணி கொல்லைக்கு ஓடிவிட்டாள். "வச்சா பறக்காது! வாணாம்!" தூக்கி வந்தேன்.

அம்மா எல்லார் முன்னும் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "நீயே வையி. இனிமே நீதான வைக்கணும்."

வைத்தேன். வாணியின் உச்சி சுட்டது. வைத்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "கொயந்தைய பாத்துக்கறேன். மாமாவக் கட்டிக்க மாட்டேன்."

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். என் தலைக்கு மட்டும் யாரும் எண்ணெய் வைக்கவில்லை. அவ்வளவு கோபம்.

மாசி 17, வெள்ளி

மாமா ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். வாணி இனி உத்திரமேரூர் பக்கம், அவர் அம்மாவிடம். "உன் மேல வருத்தமெல்லாம் இல்லம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வாணி தன் தலையில் சீப்பைத் தேய்த்தாள். தாள் அசையவில்லை. என் தலையில் தேய்த்தாள். பறந்தது.

பஸ் ஜன்னலில் இருந்து: "நீ எண்ணெய் வச்சிக்காத சித்தி. நான் திரும்பி வந்து தேய்ப்பேன்."

சரி என்றேன்.

மாசி 23, வியாழன்

டைப் வகுப்பு போனேன். பக்கம் முழுக்கத் தப்பு.

அம்மாவுக்குக் கோபம் தணிந்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "தீட்டுதான் கயிஞ்சி போச்சே. இன்னும் யாருக்குடி பரட்டத் தலையோட குந்திகினு கீற?"

தலைவலி என்றேன்.